அன்னம் இல்லாத அகழியும் ஒரு பழைய கவுலும்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில பொண்ணைக் கூட்டிக்கிட்டு வேலூர்க் கோட்டைக்குப் போயிருந்தேன். அகழி ஓரமா நடக்கும்போது, "அப்பா, இதுல அன்னம் இருக்குமா?" என்று கேட்டாள். ஒரு நீர்க்காகம் முங்கி எழுந்தது. கரையில் இரண்டு கொக்குகள். அவ்வளவுதான்.

படங்களில் பார்க்கும் வெள்ளை ஸ்வான் தமிழ்நாட்டுப் பறவை கிடையாது. நம் பழைய நூல்களின் அன்னம், இமயத்தைத் தாண்டி குளிர்காலத்தில் வரும் பட்டைத்தலை வாத்தாக இருக்கலாம் என்று கருதுபவர்கள் உண்டு. இங்கிலாந்தில் திறந்த நீர்நிலைகளில் குறியிடப்படாத ஸ்வான்கள் அரசருக்குச் சொந்தம். அப்போ நம்மூர்ப் பறவைகள் யாருக்குச் சொந்தம்?

இந்தக் கேள்விக்குச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பதில் இருக்கிறது. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதும், ஊர்க்காரர்கள் கொதித்துப்போய் கலெக்டரிடம் முறையிட்டார்கள் என்று சொல்வார்கள். 1798-ல் கலெக்டர் லியோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே கவுலாக எழுதிக் கொடுத்தார். 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. 2022-ல் வேடந்தாங்கல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

ஊர்க்காரர்களுக்கு ஏன் அவ்வளவு அக்கறை? வெறும் பாசம் மட்டும் இல்லீங்க. கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கூடு கட்டும் மரங்கள் ஏரிக்குள்ளேயே நிற்கின்றன. எச்சம் தண்ணீரில் விழுகிறது, அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. பறவை போனால் உரம் போச்சு. கணக்கு தெளிவானது.

இப்போ எங்க ஊர்ப் பக்கம் வருவோம். ஆம்பூர், வாணியம்பாடியில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். பிறகு குரோம் வந்தது. அதைவிடப் பெரிய தலைவலி உப்பு. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்பு தடவி வைப்பார்கள். ஊறப்போட்டுக் கழுவும்போது அந்த உப்பெல்லாம் தண்ணீரில் கரைந்துவிடும். சாதாரண சுத்திகரிப்பில் அது போகாது. மண்ணுக்கும் கிணற்றுக்கும்தான் போகும். 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாகவோ பகுதியாகவோ பாழானதாக ஓர் ஆய்வை மேற்கோள் காட்டினார்கள். மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியானது இந்தத் தீர்ப்பில்தான்.

இதை நான் வெளியாள் மாதிரி எழுத முடியாது. அப்பா ஒரு டேனரியில் கணக்கு எழுதினவர். நான் பி.இ. படிச்சது அந்தச் சம்பளத்தில். அதே வருஷங்களில்தான் மாமாவோட கிணறு உப்பாச்சு, அவர் நெல் போடுவதை விட்டார். ஏரியில் வந்து இறங்கின நாரைகளை அவர்தான் எனக்குப் பெயர் சொல்லிக் காட்டினவர்.

யோசிச்சுப் பார்த்தா ஒன்று புரிகிறது. வேடந்தாங்கலில் பறவையின் லாபமும் ஊரின் லாபமும் ஒரே தண்ணீரில் இருந்தன. எங்க பக்கம் ஊரின் சோறு ஒரு தொழிலில், ஊரின் தண்ணீர் அதே தொழிலின் வாசலில். யாரைக் காக்க யார் கவுல் எழுதுவது?

பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் என்பார்கள். பாலாற்றில் இனி அதற்குப் பிரிக்க வேண்டியது உப்பு. அது நம் வேலை. பொண்ணுக்கு அன்னைக்கு இவ்வளவும் சொல்லலை. அடுத்த ஜனவரியில் வேடந்தாங்கல் கூட்டிட்டுப் போறேன்னு மட்டும் சொல்லியிருக்கேன்.