ஆடிக் காற்றும் ரோப் காரும்

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குச் சென்றபோது நம்முடன் வந்த முதியவர் ஒருவர் இராஜகிரியை அண்ணாந்து பார்த்துவிட்டு அடிவாரத்திலேயே அமர்ந்துகொண்டார். "இதற்கொரு ரோப் கார் போடக்கூடாதா?" என்பது அவர் கேள்வி. 1690 தொடங்கி 1698 வரை சுல்பிகார் கானின் மொகலாயப் படையைக் காக்கவைத்த மலையல்லவா! ஏறத்தாழ 800 அடி உயரம். முற்றுகையிட்டவனுக்கும் மூட்டுவலிக்காரருக்கும் தடை ஒன்றே.

கேள்வி எளியது, விடை காற்றிடம் இருக்கிறது.

பழனியில் 1966-இல் இழுவை இரயில் வந்தது. மக்கள் அதை 'வின்ச்' என்பர். தண்டவாளத்தில் ஊர்வதால் அது காற்றைப் பெரிதாய்ப் பொருட்படுத்துவதில்லை. 2004-இல் வந்த ரோப் காரின் நிலை வேறு. வடத்தில் தொங்கும் பெட்டிக்கு நிலத்தோடு பிடிப்பில்லை. வடம் செல்லும் திசையிலேயே காற்று வீசினால் ஓரளவு சமாளிக்கலாம். குறுக்கே வீசினாலோ பெட்டி ஊசலாடும். வடம் உருளைகளிலிருந்து விலகவும் கூடும். மலையில் மோதும் காற்று மேலேறி, உச்சியருகே விரைவு கூடுகிறது. கீழே இலை அசையாதபோதும் மேலே வண்டியை நிறுத்துவது இதனால்தான். வரிசையில் நிற்பவர்களுக்கு இது புரிவதில்லை, எரிச்சல்தான் மிஞ்சுகிறது.

பழனிக்கு இன்னொரு வினையும் உண்டு. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையிலுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பீறிட்டு வருகிறது. உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, ஆடி மாதத்தில் ரோப் காரை நிறுத்திவிடுகிறது.

கரூர் மாவட்டம் குளித்தலை அருகேயுள்ள அய்யர்மலைக்கு 1017 படிகள். அங்கே ரோப் கார் திறக்கப்பட்ட நாள் 2024 சூலை 24. ஆடி பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மறுநாளே பலத்த காற்றில் வடம் தடம் விலக, பக்தர்கள் அந்தரத்தில் சிக்கித் தவித்து, பின்னர் மீட்கப்பட்டனர். திறப்பு நாளைக் குறித்தவர்கள் பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் மட்டும் பார்த்திருப்பார்கள் போலும்!

பனிச்சறுக்குக்குப் பேர்போன காசுமீரத்துக் குல்மார்க்கிலும் இதே கதைதான். 1998-இல் திறந்த கீழ்ப்பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே, 2005-இல் சேர்ந்த மேற்பகுதி காற்றுக்காக நிறுத்தப்படுவதுண்டு. மேலே மரங்களின் மறைப்பு இல்லை.

ஆகவே வடத்தின் போக்கைக் காற்றின் திசையறிந்து வகுக்க வேண்டும். ஆனால் நம் கோயில் மலைகளில் அந்த உரிமை பொறியாளருக்கு முழுதாய்க் கிட்டுவதில்லை. சந்நிதி இருக்கும் இடமும், அடிவாரத்தில் கிடைக்கும் நிலமும் பாதையை முன்பே தீர்மானித்துவிடுகின்றன.

விழுப்புரம் மாவட்டம் கணவாயின் நேர்வழியில் இல்லை. நமக்குக் காற்று பெரும்பாலும் கடலிலிருந்து ஐப்பசி, கார்த்திகைப் புயலாக வரும். 2024 நவம்பர் இறுதியில் கரைகடந்த பெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. இத்தகைய நாள்கள் ஆண்டில் சிலவே, நிறுத்திவைத்தால் போதும். அவ்வகையில் செஞ்சி பழனியைவிடக் கொடுத்துவைத்தது.

காற்று இசைந்தாலும் தொல்லியல் விதிகள் இசையுமா? 2025-இல் யுனெசுகோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறிய கோட்டை அது. இறங்கிவந்து இவ்வளவையும் விளக்கினோம். பொறுமையாய்க் கேட்ட முதியவர், உச்சியருகே பாறைப் பிளவின் மீதுள்ள பாலத்தில் காற்று எப்படி இருந்தது என்று மட்டும் விசாரித்தார்.