சுனாபட்டி, செம்பூர், மாட்டுங்கா: மும்பை ஏரியாக்களுக்கு இந்தப் பெயர்கள் எப்படி வந்தன?

மும்பை ஹார்பர் லைனில் குர்லாவைத் தாண்டியதும் வரும் ஸ்டேஷன் சுனாபட்டி. தமிழில் எழுதிப் பார்த்தால் ஆண்டிபட்டி, கோவில்பட்டி, உசிலம்பட்டி வரிசையில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்திலேயே செம்பூர் வேற. 'செம்மை, ஊர்' என்று பிரித்துவிடலாம் போல இருக்கும். மாட்டுங்காவில் மாடே தெரிகிறது. தமிழர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக வாழும் பகுதிகள் என்பதால், பெயரையும் நம்மவர்கள்தான் வைத்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பத் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்க. இந்த மூன்றுமே தமிழ்ப் பெயர்கள் இல்லை. நம்மைக் குழப்புவது நம்ம எழுத்துதான். மராத்தியில் நான்கு தனித்தனி எழுத்துகளாக இருக்கும் பகர ஒலிகள் எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே 'ப'. சகர ஒலிகளுக்கும் கிட்டத்தட்ட அதே கதை. மராத்தியில் வேறு வேறாக ஒலிக்கும் சொற்கள் தமிழுக்கு வரும்போது ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன.

பட்டி என்றால் என்ன?

நம்ம ஊர் 'பட்டி' சிற்றூர். சுனாபட்டியில் இருக்கும் 'பட்டி' சூளை. மராத்தியில் அதை மூச்சுக் காற்றோடு அழுத்திச் சொல்வார்கள். 'சுனா' என்றால் சுண்ணாம்பு. ஆக, சுனாபட்டி என்பது சுண்ணாம்புச் சூளை. சுண்ணாம்புக் காளவாய் என்று நாம் சொல்வோமே, அதேதான்.

இன்னொரு விஷயம். 'சுனா', நம்ம 'சுண்ணம்', 'சுண்ணாம்பு' எல்லாமே 'சூர்ணம்' என்ற வடசொல்லிலிருந்து கிளைத்தவை. எனவே பெயரின் முன்பாதி நமக்குத் தூரத்து உறவு, பின்பாதி அந்நியம். நியாயமாகப் பார்த்தால் சுனாபட்டிக்கு இணையான ஊரைப் பட்டிகளில் தேடக் கூடாது, சென்னையில் தேட வேண்டும்: புரசைவாக்கம் பக்கத்தில் இருக்கும் சூளை. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற ஏரியா அது. இரண்டுமே ஒரு நகரத்தின் சுவர்களுக்குச் சரக்கு அனுப்பிய இடங்களின் பெயரைச் சுமக்கின்றன. சூளைகள் போய்விட்டன, பெயர் நின்றுவிட்டது.

மும்பைத் தமிழர்களுக்கு மூன்றாவதாக ஒரு பட்டியும் தெரியும்: ஜோபட்பட்டி. குடிசைப் பகுதிக்கு மராத்தியில் அதுதான் பெயர். இங்கே பட்டி என்றால் நீளவாக்கில் போகும் துண்டு, வரிசை. வருஷா வருஷம் கட்டும் வீட்டு வரிக்கும் 'கர்பட்டி' என்றே பெயர். (ஒரே எழுத்துக்கூட்டலில் ஊர், சூளை, குடிசை வரிசை, வரி. அகராதி எழுதுபவர்கள் பாவம்.)

நண்டும் ஆலமரமும்

சூளையை விட்டுக் கொஞ்சம் நகர்ந்தால், சுற்றியிருக்கும் பெயர்களில் பாதி சதுப்பு நிலத்துப் பெயர்கள். செம்பூருக்குப் பரவலாகச் சொல்லப்படும் மூலம் 'சிம்போரி', அதாவது பெரிய நண்டு. குர்லாவுக்குச் சொல்லப்படுவது 'குர்லி'. அதுவும் நண்டுதான். அடுத்தடுத்த இரண்டு ஏரியாக்களுக்கு நண்டுப் பெயர் என்பது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு. இரண்டுமே ஒருகாலத்தில் உப்பங்கழி ஓரத்து ஊர்கள். வடாலாவுக்குப் பின்னால் 'வட்', அதாவது ஆலமரம் இருக்கிறது.

சயான் ஸ்டேஷனின் மராத்திப் பலகையில் 'ஷீவ்' என்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சிவனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எல்லை என்று பொருள். பம்பாய் தீவு இங்கே முடிந்து, கழிக்கு அந்தப் பக்கம் சால்செட் தீவு தொடங்கியது. வடமொழி 'சீமா'தான் மராத்தியில் 'ஷீவ்' ஆனது, தமிழில் 'சீமை' ஆனது.

மாட்டுங்காவில் மாடு இல்லை, யானை இருக்கிறது. மாஹிமைத் தலைநகராக வைத்து 13ஆம் நூற்றாண்டில் ஆண்ட பீமதேவனின் யானைக் கொட்டில் இங்கே இருந்தது, 'மாதங்கம்' என்ற சொல்தான் மாட்டுங்கா ஆனது என்பது வழிவழியாக வரும் கதை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நண்டுக் கதைக்கு நிலமே சாட்சி, யானைக் கதைக்கு அப்படி ஒன்று இல்லை.

பெண்டி பஜாரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிராஃபோர்ட் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருப்பதால் 'பிஹைண்ட் தி பஜார்' என்று வெள்ளைக்காரர்கள் சொன்னது மருவியது என்பார்கள். பழைய அரசாங்க கெசட்டியர் சொல்வது வேறு: அங்கே இருந்த பெண்டி மரங்கள். பெண்டி என்றதும் வெண்டைக்காய் ஞாபகம் வரும். மரமாகச் சொன்னால் அது நம்ம பூவரசு.

தண்ணீர் போச்சு, பெயர் இருக்கு

மும்பை ஏழு தீவுகளாக இருந்ததும், நடுவிலிருந்த கழிகளைத் தூர்த்து ஒன்றாக்கியதும் பள்ளிப் பாடம். அந்தக் கழிகள் எங்கே ஓடின என்று வரைபடம் இல்லாமல் தெரிந்துகொள்ள வேண்டுமா? பெயர்களைப் பாருங்கள். 'காடி' என்றால் உப்பங்கழி. உமர்காடி என்பது 'உம்பர்' மரம், அதாவது அத்திமரம் நின்ற கழி. பாய்துனி என்றால் கால் கழுவும் இடம். கடல் ஏறும்போது தண்ணீர் வந்துபோன அந்தத் தரையைக் கடந்தவர்கள் அங்கே கால் கழுவினார்கள். இன்று இரண்டு இடத்திலும் கட்டடங்கள்தான்.

தாராவியின் காலா கிலாவும் இதே கதைதான். கறுப்புக் கோட்டை என்று பொருள். பம்பாய் கவர்னர் ஜான் ஹார்ன் உத்தரவில் 1737இல் கட்டப்பட்டதாக அதன் கல்வெட்டே சொல்கிறது. கழியைக் காவல் காக்க, தண்ணீரைப் பார்த்து நின்ற கோட்டை. இன்று அதைச் சுற்றி வீடுகள்.

பெயரும் நிலைமையும் முட்டிக்கொள்வது மிட்டி ஆற்றில். மிட்டி என்றால் இனிப்பு, நல்ல தண்ணீர். விஹார், போவாய் ஏரிகளின் உபரி நீரை எடுத்துக்கொண்டு சுமார் 18 கி.மீ. ஓடி மாஹிம் கழியில் கலக்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியபோதுதான், இது சாக்கடை இல்லை, ஆறு என்பது பலருக்குத் தெரிந்தது.

தாராவிக்குள் போனால்

1909ஆம் ஆண்டு பம்பாய் கெசட்டியர், பம்பாயின் ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிடுகிறது. கோலிகள் இந்தத் தீவுகளின் பூர்வகுடி மீனவர்கள், 'வாடா' என்றால் குடியிருப்பு. மும்பை என்ற பெயரே அவர்களின் மும்பாதேவியிடமிருந்து வந்தது. கரைகளை இணைக்கப் பாலச்சாலைகள் வந்து, கழி தூர்ந்துபோக, மீன்பிடியும் தேய்ந்தது. 1880களில் தோல் பதனிடும் தொழில் வந்தது. அதோடு நெல்லைச் சீமையிலிருந்தும் பிற தமிழ்ப் பகுதிகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தாராவியின் பெரிய மசூதி 1887இலும் கணேசர் கோயில் 1913இலும் எழுந்தன.

தாராவிக்குள் இருக்கும் பெயர்கள் தனி ரகம். கும்பார்வாடா, சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் குடியிருப்பு. சம்டா பஜார், தோல் சந்தை. லேபர் கேம்ப். டிரான்சிட் கேம்ப். அறுபதடி ரோடு, தொண்ணூறடி ரோடு. இவற்றில் மன்னர் இல்லை, கவர்னர் இல்லை. என்ன வேலை நடக்கிறது, ரோடு எத்தனை அடி அகலம், அவ்வளவுதான். விதிவிலக்காக, தோல் கடைகள் நிற்கும் சாலைக்கு மட்டும் செருப்புத் தைத்த ஞானி ரோஹிதாஸின் பெயர். ரொம்பப் பொருத்தமான பெயர் மாற்றம் என்று இதைச் சொல்வேன்.

பெயரை யார் மாற்றுகிறார்கள்?

அடிக்கடி. கோலிவாடா ஸ்டேஷன், பிரிவினையில் வந்த பஞ்சாபி அகதிகள் குடியேறிய பிறகு குரு தேக் பகதூர் நகர் ஆனது. 'இறால் கோலிவாடா' மட்டும் ஹோட்டல் மெனுவில் பழைய பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. 1995இல் பம்பாயே அதிகாரப்பூர்வமாக மும்பை ஆனது. எல்ஃபின்ஸ்டன் ரோடு 2018இல் பிரபாதேவி ஆனது.

2024இல் மாநில அமைச்சரவை 8 ஸ்டேஷன்களுக்குப் புதுப் பெயர் பரிந்துரைத்தது. அந்தப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். கர்ரி ரோடு லால்பாக் ஆவது போல, ஆறு பெயர்கள் அந்தந்த இடத்தின் உள்ளூர்ப் பெயருக்கே திரும்புகின்றன. ஆட்களின் பெயர் வருவது இரண்டில்தான்: மும்பை சென்ட்ரலுக்கு நானா சங்கர்சேட், நம்ம மாட்டுங்கா பக்கத்துக் கிங்ஸ் சர்க்கிளுக்குத் தீர்த்தங்கரர் பார்ஷ்வநாத். காலனிக்காலப் பெயர்களை நீக்குவதாகச் சொன்ன பட்டியலில் சர்னி ரோடும் இருக்கிறது. 'சர்னி' என்பதற்குப் பரவலான விளக்கம் மாடு மேய்ச்சல். அதில் வெள்ளைக்காரர் எங்கே வந்தார்? ஸ்டேஷன் பெயர் மாற மாநிலத் தீர்மானம் மட்டும் போதாது, மத்திய உள்துறையும் ஆட்சேபம் இல்லை என்று சொல்ல வேண்டும்.

சாதிப் பெயர்கள் வேறு கணக்கு. சாதியைக் குறிக்கும் குடியிருப்புப் பெயர்களை மாற்ற மகாராஷ்டிர அமைச்சரவை 2020 டிசம்பரில் முடிவெடுத்தது. தமிழ்நாடு அரசும் 2025 அக்டோபரில் தெருப் பெயர்களுக்கு அப்படி ஓர் ஆணை போட்டது. 'கோலிவாடா'வும் ஒரு சமூகத்தின் பெயர்தான். ஆனால் அதை விட அந்த மக்கள் தயாராக இல்லை. காரணம் இருக்கிறது.

பெயரில் இருக்கும் வீடு

1971ஆம் ஆண்டு சட்டப்படி ஓர் இடத்தைக் குடிசைப் பகுதி, அதாவது ஜோபட்பட்டி என்று அறிவித்துவிட்டால், அதை இடித்துக் கட்டும் வழியே வேறு. தாராவி கோலிகள் கேட்பது இதுதான்: எங்கள் இடம் கோலிவாடா, ஜோபட்பட்டி இல்லை, எல்லையை அளந்து தனியாகக் காட்டுங்கள். இரண்டு சொற்களுக்கு நடுவே நிற்பது நில உரிமை.

அங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பிரச்சினை தெருப் பெயரில். 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் வென்ற மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே இலவசமாக 350 சதுர அடி வீடு. அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, பணம் கட்டி. எந்த வரிசையில் வருகிறோம் என்பதைப் பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், கரண்ட் பில் மாதிரியான காகிதங்கள் முடிவு செய்கின்றன. தமிழில் கூப்பிட்ட ஒரு சாலின் பெயர் மராத்தியில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் வேறு மாதிரி ஏறியிருக்கலாம். இடையில் தெருவின் பெயரே மாறியிருக்கலாம்.

அப்பா அம்மா இன்னும் அங்கே இருக்கிறார்கள் என்றால், அடுத்த முறை போகும்போது 2000க்கு முந்தைய காகிதங்களை எடுத்து, எல்லாவற்றிலும் சால் பெயரும் தெருப் பெயரும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.