பதிவேடும் தொடக்கக் கூலியும்: சென்னைச் சுமைப்பணித் தொழிலாளரின் சங்க விழிப்புணர்வு – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கிடங்கிலும் துறைமுகத்திலும் சுமை ஏற்றி இறக்கும் பகுதிநேரத் தொழிலாளரின் தொடக்க ஊதியத்தை மணிக்கணக்கு விகிதத்தைக் கொண்டு மட்டும் அளவிட இயலாது. எத்தனை மணி நேரம் வேலை உறுதி என்பதும் அதன் பகுதியாகும். இவ்வுறுதியை அளித்த கருவி தொழிலாளர் பதிவேடு. அது ஊதியத்தோடு இணைந்திருந்தபோது சங்கம் கூலியைப் பேசும் இடத்தைப் பெற்றது. நலத்திட்டத்தோடு மட்டும் இணைந்தபோது கூலிக் கேள்வி பின்தள்ளப்பட்டது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தொடக்க ஊதியம், பகுதிநேர வேலை, பதிவேடு, துறைமுகத் தொழிலாளர் வாரியம், உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம்

முன்னுரை

பகுதிநேரக் கிடங்கு வேலை இணைய வணிகத்தோடு பிறந்தது என்னும் கருத்து பரவலாக உள்ளது. ஆயின் காலையில் வாயிலில் நின்று, அழைக்கப்பட்டால் சில மணி நேரம் உழைத்துத் திரும்பும் முறை மிகப் பழையது. இலண்டன் தேயிலைக் கிடங்குத் தொழிலாளரிடையே 1887இல் பென் டில்லெட் தலைமையில் ஒரு சங்கம் தோன்றியது. 1889இல் நடந்த இலண்டன் துறைமுக வேலைநிறுத்தத்தில் இரு கோரிக்கைகள் முதன்மை பெற்றன. ஒன்று, மணிக்கு ஆறு பென்னி கூலி. மற்றொன்று, அழைக்கப்பட்டால் குறைந்தது நான்கு மணி நேர வேலை. இரண்டாவது இல்லையெனில் முதலாவது பயனற்றது என்பதை அத்தொழிலாளர் உணர்ந்திருந்தனர்.

சங்கம் அமைக்கும் உரிமை

சென்னையில் 1918 ஏப்ரல் 27 அன்று பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. கோ. செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் அதற்கு அடித்தளமிட்டவர்கள். பக்கிங்காம் கர்நாடிக் ஆலை நிருவாகம் சங்கத் தலைவர்கள்மீது வழக்குத் தொடுத்துச் சென்னை உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. சங்கப்பணிக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்பதை அவ்வழக்கு வெளிப்படுத்தியது. 1926ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்திற்கு அது ஒரு தூண்டுகோலாயிற்று. 15 வயது நிறைந்தவர் சங்க உறுப்பினராகலாம் என்று அச்சட்டம் கூறியது. முழுநேர வேலையை உறுப்பினர் தகுதியாக விதிக்கவில்லை. எனினும் ஆலைத் தொழிலாளிக்கு இருந்த ஒரு வாய்ப்பு சுமைதூக்குவோருக்கு இல்லை. ஆலையில் வருகைப்பட்டியல் உண்டு; நாள்தோறும் அதே முகங்கள் கூடும். கிடங்கு வாயிலிலோ நேற்று உடனிருந்தவர் இன்று இருப்பார் என்பது உறுதியன்று.

துறைமுகப் பதிவேடு

இக்குறையை அரசு ஆவணங்கள் முன்பே கண்டிருந்தன. 1931இல் வெளிவந்த இந்தியத் தொழிலாளர் பற்றிய விட்லி ஆணைய அறிக்கை, துறைமுகங்களில் நிலையற்ற வேலைமுறையைக் குறைக்கப் பதிவேடு வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1948இல் துறைமுகத் தொழிலாளர் (வேலை ஒழுங்குமுறை) சட்டம் இயற்றப்பட்டது. பம்பாயில் 1951இலும் கல்கத்தாவில் 1952இலும் சென்னையில் 1953இலும் வாரியங்கள் அமைந்தன. பதிவு பெற்ற தொழிலாளி வேலைக்கு வந்து, வேலை கிடைக்காத நாளில் வருகைப்படி பெற்றார். அரசு, முதலாளி, தொழிலாளர் ஆகிய முத்தரப்பும் வாரியத்தில் இடம்பெற்றதால் ஊதிய நிருவாகத்தில் சங்கத்தின் குரலுக்கு இடம் கிடைத்தது. சங்கம் என்ன செய்கிறது என்பதை வருகைப்படியே உறுப்பினருக்கு உணர்த்தியது.

துறைமுகத்திற்கு வெளியே

1948ஆம் ஆண்டு குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கருதத்தக்கது. நாள் அடிப்படையில் ஊதியம் நிர்ணயிக்கப்பட்ட ஒருவருக்கு முதலாளி முழுநேர வேலை தரத் தவறினால், குறைந்த நேரம் உழைத்தாலும் முழுநாள் ஊதியம் உண்டு என்றது அது. 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் 10ஆம் பிரிவில் இக்கொள்கையைத் தொடர்கிறது. ஆனால் விகிதம் மணிக்கணக்கிற்கு மாறும்போது இப்பாதுகாப்பு கைநழுவுகிறது. காத்திருக்கும் நேரத்தின் இழப்பு தொழிலாளியின் தலையில் விழுகிறது.

சுமைப்பணியாளருக்கான சட்டங்களுள் 1969ஆம் ஆண்டு மகாராட்டிர மாத்தாடிச் சட்டம் முன்னோடி. அதன்கீழ் முதலாளி ஊதியத்தையும் அதன்மீதான வரியையும் வாரியத்தில் செலுத்த, வாரியமே தொழிலாளிக்கு ஊதியம் வழங்குகிறது. தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் (1982ஆம் ஆண்டின் 33ஆம் சட்டம்) வேலையையும் வேலை நிலைமைகளையும் ஒழுங்குபடுத்துவதைத் தன் பெயரிலேயே கொண்டது. நடைமுறையிலோ அதன்கீழ் அமைந்த நல வாரியங்கள் கல்வி உதவி, திருமண உதவி, விபத்து நிவாரணம், ஓய்வூதியம் ஆகியவற்றையே முதன்மையாகக் கொண்டன. இவ்வுதவிகளின் பயன் பெரிது. ஆயினும் பதிவு செய்துகொண்டவர் அரசிடம் உதவி கேட்பவரானார். முதலாளியிடம் கூலி பேசுபவராகவில்லை. 2023இல் அறிவிக்கப்பட்ட இணையம் சார்ந்த தொழிலாளர் நல வாரியமும் நல வாரியம் என்னும் வடிவத்தையே ஏற்றுள்ளது.

முடிவுரை

மாநிலத் தொழிலாளர் துறையின் தலைமையகம் நந்தனத்தை அடுத்த தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ளது. அலுவலகம் அருகிலிருப்பதால் மட்டும் நகரின் கிடங்குகளில் பகுதிநேரம் உழைப்போரிடம் விழிப்புணர்வு தோன்றிவிடாது. சங்கம் பற்றிய அறியாமையைக் கல்விக் குறைவாகவோ இளைஞரின் அக்கறையின்மையாகவோ விளக்குவது போதாது. தன் பெயர் எந்தப் பட்டியலிலும் நிலைக்காத ஒருவருக்குச் சங்கம் அயலாருடையதாகவே தோன்றும். எனவே பகுதிநேரத் தொடக்க ஊதியத்தை ஆராய்வோர் மணிக்கூலியோடு உறுதியளிக்கப்பட்ட நேரத்தையும், பதிவேடு யார் கையில் உள்ளது என்பதையும் சேர்த்தே வினவ வேண்டும். 1889இல் இலண்டனிலும் 1953இல் சென்னையிலும் சுமை தூக்கியோர் பெற்றது, உழைத்த மணிக்குரிய விலையோடு காத்திருந்த மணிக்குரிய மதிப்புமாகும்.