ஒட்டகம் ஓட்டிய ஒப்பந்தக்காரர்கள்

ஆஸ்திரேலியா என்றதும் நமக்குக் கங்காருவும் கிரிக்கெட்டும்தான் ஞாபகம் வரும். அந்தக் கண்டத்தின் நடுவே கிடக்கும் வறண்ட பூமிக்கு மாவும் தேயிலையும் சுமந்து சென்றவர்களில் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து போனவர்கள் ஏராளம் என்பது பலருக்குத் தெரியாது. பலூச்சி, சிந்தி, பஞ்சாபி, பட்டாணியர் என்று யாராக இருந்தாலும் அங்கே ஒரே பெயர்தான்: 'ஆப்கான்'. தெற்கேயிருந்து யார் வந்தாலும் வடக்கே 'மதராஸி' ஆகிவிடுகிறோமே, அதுபோலத்தான்!

1860இல் பர்க், வில்ஸ் ஆய்வுப் பயணத்துக்காக 24 ஒட்டகங்கள் இந்தியாவிலிருந்து கப்பலேறின. 1866இல் தாமஸ் எல்டர் என்ற செல்வந்தர் சுமார் 120 ஒட்டகங்களையும் 31 ஆட்களையும் வரவழைத்தார். பெரும்பாலும் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கூலிக்குப் போனவர்கள் இவர்கள். சிலர் காசு சேர்த்துச் சொந்தமாக ஒட்டகம் வாங்கி, தாங்களே கான்டிராக்டர் ஆனார்கள்.

தென் ஆஸ்திரேலியாவின் மாரி என்ற சிற்றூருக்கு 1884இல் ரயில் வந்தது. அங்கிருந்து பேர்ட்ஸ்வில் 500 கிலோமீட்டருக்கும் மேல். ஆட்டுப் பண்ணைகளில் ரோமம் கத்தரித்து முடிந்ததும் பொதிகளை ரயிலடிக்குச் சுமப்பது, திரும்பும்போது மளிகையும் கம்பிச்சுருளும் கொண்டுபோவது. இதுதான் பிழைப்பு. நல்ல ஆண் ஒட்டகம் ஒன்று 400 கிலோவுக்கும் மேல் தாங்கும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கொடுங்கோடை. வறட்சியும் சேர்ந்துவிட்டால் குதிரையும் மாடும் தண்ணீரில்லாமல் நின்றுவிடும். ஒட்டகமோ பல நாள் தாங்கும். முட்செடியைத் தின்றே நடக்கும். ஊருக்குப் பஞ்சம் வந்தால் இவர்களுக்கு வேலை. மாட்டுவண்டிக்கார வெள்ளையர்களுக்கு அதுவே எரிச்சல். குளிர்காலத்தில் ஆண் ஒட்டகத்துக்கு மதம் பிடிக்கும். பக்கத்தில் போகவே பயம். மழை பெய்தாலோ களிமண்ணில் கால் வழுக்கும், பயணம் நின்றுபோகும். குயின்ஸ்லாந்தில் பெய்த மழை வாரக்கணக்கில் நகர்ந்து வந்து, வானம் வெளுத்துக் கிடக்கும்போதே கூப்பர் ஓடையில் வெள்ளமாய் வழி மறிப்பதும் உண்டு.

மாரியில் ரயில் பாதைக்கு ஒரு பக்கம் வெள்ளையர். மறுபக்கம் இவர்களும் பூர்வகுடி மக்களும். மண்சுவர் மசூதி கட்டினார்கள், பேரீச்சை நட்டார்கள். பெரும்பாலோரால் ஊரிலிருந்து மனைவியை அழைத்துவர முடியவில்லை. ஆசியர்கள் குடியுரிமை கேட்கும் வழியையே 1903ஆம் ஆண்டுச் சட்டம் அடைத்தது.

1920களில் லாரி வந்தது. 1925இல் கேட்பாரற்று அலையும் ஒட்டகங்களைச் சுட வழிசெய்யும் சட்டமும் தென் ஆஸ்திரேலியாவில் வந்தது. பிள்ளைபோல் வளர்த்ததைச் சுட மனம் வராமல் பலர் காட்டிலே அவிழ்த்துவிட்டார்கள். இன்று அங்கே திரியும் ஒட்டகக் கூட்டங்கள் அவற்றின் வழிவந்தவையே. முதியவர்கள் சிலர் அடிலெய்டு மசூதியை அண்டிக் கடைசிக் காலத்தைக் கழித்தார்கள். 'கான்' என்ற பேரில் ஒரு ரயில் இன்றும் ஓடுகிறது; 'ஆப்கான்' என்பதன் சுருக்கம் அது என்பார்கள்.

கூட்டத்துக்கு வைத்த பெயர் ரயிலில் நின்றது. உழைத்தவர்களில் பலருடைய சொந்தப் பெயர் எங்கும் நிற்கவில்லை. வேற்றூரில் வேர் பிடித்த நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நமக்கு முன்னால் இங்கே வந்து, மூட்டை தூக்கியும் தட்டச்சு அடித்தும் வழி திறந்தவர்களின் பெயர்களை, அவர்களைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும்.