கத்தியும் கதிரும்



வரலாறு என்றவுடன் உங்கள் நினைவிற்கு வருவன அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே. ஆயின் மனித குலம் நோயோடு நடத்திவரும் போருக்கும் ஒரு வரலாறு உண்டு. அதிலும் வெற்றிகள் உண்டு, தோல்விகள் உண்டு, நெடுங்காலம் அரசாண்டு, பின்னர் முடியிழந்த கொள்கைகளும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவையாலும் கதிர்வீச்சாலும் மருத்துவம் செய்ய மனிதன் கற்றுக்கொண்ட கதை அத்தகைய வரலாறுகளுள் ஒன்று. கடல்கடந்த நாடுகளில் வளர்ந்த அக்கதையில் நம் சென்னை அடையாற்றுக்கும் ஓர் அதிகாரம் உண்டு. ஆரணி போன்ற நெசவூர்களில் வாழும் நம் தாய்மாருக்கும் தமக்கையருக்கும் அதனால் விளையும் நன்மையும் உண்டு.

நம் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆகியது. அவை தேவைக்கேற்பப் பெருகும். தேவை தீர்ந்ததும் நிற்கும். ஏதோ ஓர் அணு இக்கட்டுப்பாட்டை மீறிப் பெருகத் தொடங்கினால், அதுவே புற்றாகின்றது. மார்பகத்தில் தோன்றும் புற்று முதலில் ஒரு சிறு கட்டியாக இருக்கும். பிறகு அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை அடையும். குருதியின் வழியே எலும்பு, நுரையீரல், கல்லீரல் முதலிய உறுப்புகளுக்கும் செல்லும்.

கட்டியை அறுத்தெடுக்கலாம் என்ற எண்ணம் பழமையானதே. ஆனால் மயக்க மருந்து இல்லாத காலத்தில் அறுவை என்பது நோயினும் கொடிய வேதனையாக இருந்தது. ஜப்பான் நாட்டு மருத்துவர் ஹனவோகா செய்ஷூ என்பவர் 1804ஆம் ஆண்டில், மூலிகைகளால் செய்த மயக்க மருந்தைக் கொடுத்து, ஒரு பெண்ணின் மார்பகப் புற்றுக் கட்டியை அகற்றினார். அக்காலத்தில் ஜப்பான் வெளியுலகத் தொடர்பின்றி இருந்தமையால் அச்செய்தி பிற நாடுகளுக்கு எட்டவில்லை. 1846இல் அமெரிக்காவில் ஈதர் மயக்கமும், 1867இல் பிரிட்டனில் லிஸ்டர் வெளியிட்ட கிருமித் தடுப்பு முறையும் வந்த பின்னரே, அறுவை மருத்துவர்கள் அஞ்சாமல் நெடுநேரம் கத்தியைக் கையாள இயன்றது.

அவ்வாறு கையாண்டவர்களுள் தலையாயவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்டெட். புற்று தோன்றிய இடத்திலிருந்து அலை பரவுவது போல அடுத்தடுத்த திசுக்களுக்குப் படிப்படியாகச் செல்கிறது என்பது அவர் கொள்கை. ஆகவே மார்பகம் முழுவதையும், அதன் அடியிலுள்ள மார்புத் தசைகளையும், அக்குள் கணுக்களையும் ஒருசேர அகற்றிவிட வேண்டும் என்றார். 1894ஆம் ஆண்டில் 50 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். அறுத்த இடத்திலேயே நோய் மீண்டும் தோன்றியது அவர்களுள் மூவருக்கு மட்டுமே. அக்காலத்துப் பிற மருத்துவர்களின் கணக்கோடு ஒப்பிட்டால் இது வியத்தகு வெற்றி. உலகெங்கும் அறுவை மருத்துவர்கள் அவர் வழியைப் பின்பற்றினர். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அக்கொள்கை முடிசூடியிருந்தது.

ஆனால் அவ்வறுவைக்கு உட்பட்ட பெண்கள் கொடுத்த விலை பெரிது. மார்பு குழிந்தது, தோளை உயர்த்துவது அரிதாயிற்று, பலருக்குக் கை நிரந்தரமாக வீங்கியது. தறியில் உழைப்பவளுக்கும், நீரிறைப்பவளுக்கும், குழந்தையைத் தூக்குபவளுக்கும் கை எத்துணை இன்றியமையாதது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். அன்றியும், அறுத்த இடத்தில் நோய் திரும்பாவிடினும், பல பெண்கள் சில ஆண்டுகளில் எலும்பிலோ நுரையீரலிலோ புற்று தோன்றி இறந்தனர். மருத்துவர் சிலர் இதற்குக் கண்ட விடை, இன்னும் பெரிதாக அறுக்க வேண்டும் என்பதே.

இதற்கிடையே மற்றொரு கருவி பிறந்தது. 1895இல் ஜெர்மானிய அறிஞர் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். 1898இல் மேரி கியூரியும் அவர் கணவர் பியர் கியூரியும் ரேடியத்தைக் கண்டனர். இக்கதிர்கள் உயிரணுவின் உள்ளே புகுந்து, அது பெருகுவதற்கு வேண்டிய மரபுப் பொருளைச் சிதைக்கின்றன. நலமான அணுக்கள் அச்சிதைவைப் பெரும்பாலும் செப்பனிட்டுக்கொள்ளும்; புற்றணுக்களுக்கு அத்திறன் குறைவு. ஆகவே கதிரை ஒரே நாளில் கொட்டிவிடாமல், சிறு சிறு அளவாகப் பல நாள் செலுத்தினால், புற்று அழியும். நலமான திசு பிழைக்கும். கதிர்வீச்சு மருத்துவத்தின் அடிப்படை இதுவே.

லண்டன் நகரில் ஜெப்ரி கெயின்ஸ் என்ற அறுவை மருத்துவர், 1920களில், மார்பகத்தை அகற்றாமல் ரேடியம் ஊசிகளைக் கட்டியைச் சுற்றிப் பதித்து மருத்துவம் செய்தார். பொருளாதார வகுப்பில் நீங்கள் கேள்விப்படும் ஜான் மேனார்டு கெயின்ஸின் தம்பி இவர். இவருடைய நோயாளிகள், பேரறுவைக்கு உட்பட்டவர்களைப் போலவே பிழைத்திருந்தனர். 1948இல் எடின்பரோவின் மக்விர்ட்டர், தசைகளை அகற்றாத எளிய அறுவையோடு எக்ஸ் கதிரைச் சேர்த்தாலே போதும் என்றார். கனடாவின் டொரன்டோ நகரில் வேரா பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சுப் பெற்ற பெண்களின் ஏடுகளைப் பொறுமையாகத் தொகுத்து, 1967இல் அதே முடிவை வெளியிட்டார்.

எனினும் பெரும்பாலோர் செவிசாய்க்கவில்லை. அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. சிறு கட்டி உடையவர்களையே தேர்ந்தெடுத்து எளிய மருத்துவம் செய்திருந்தால், அவர்கள் பிழைத்ததில் வியப்பென்ன? இரு முறைகளை ஒப்பிட வேண்டுமாயின் இரு கூட்டத்தாரும் எல்லா வகையிலும் ஒத்தவராய் இருத்தல் வேண்டும். யாருக்கு எம்மருத்துவம் என்பதை மருத்துவரின் விருப்பம் முடிவு செய்தல் ஆகாது.

உத்திரமேரூர்க் கல்வெட்டை நீங்கள் படித்திருப்பீர்கள். முதற் பராந்தக சோழன் காலத்தில் ஊர்ச் சபை உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுத்தனர். ஒரு சிறுவன் குடத்தில் கைவிட்டு ஓலையை எடுப்பான். எவருடைய விருப்பு வெறுப்பும் அதில் நுழையாது. நோயாளிகளின் இசைவைப் பெற்று, அதே போன்ற குலுக்கல் முறையால் அவர்களைப் பிரித்து மருத்துவங்களை ஒப்பிடுவதே இன்றைய ஆராய்ச்சியின் உரைகல். சென்னைக்கும் இம்முறை புதிதன்று. காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்துண்டு நலம் பெறலாம் என்பதை, 1956இல் இங்கு நிறுவப்பெற்ற காசநோய் ஆய்வு நிலையம் இதே முறையில் ஆராய்ந்து 1959இல் உலகிற்கு உணர்த்தியது.

மார்பகப் புற்றில் இம்முறையை உறுதியோடு புகுத்தியவர்கள் இருவர்: அமெரிக்காவின் பெர்னார்டு பிஷர், இத்தாலியின் உம்பெர்ட்டோ வெரோனேசி. புற்றணுக்கள் தொடக்கத்திலேயே குருதியில் கலந்து செல்லக்கூடும். ஆகவே மார்பில் எவ்வளவு பெரிதாக அறுத்தாலும் உயிர் பிழைப்பது அதனால் மட்டும் கூடிவிடாது என்பது பிஷரின் கருத்து. 1971இல் அவர் குழுவினர் தொடங்கிய ஆராய்ச்சியில் 1,665 பெண்கள் பங்குகொண்டனர். ஹால்ஸ்டெட் பேரறுவையால் கூடுதலாக எவரும் பிழைக்கவில்லை என்பது அதில் புலனாயிற்று. 1976இல் தொடங்கிய அடுத்த ஆராய்ச்சியில் 1,851 பெண்கள். ஒரு கூட்டத்தாருக்கு மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டது. ஒரு கூட்டத்தாருக்குக் கட்டி மட்டும். மூன்றாம் கூட்டத்தாருக்குக் கட்டியை அகற்றிக் கதிர்வீச்சும் தரப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, மூன்று கூட்டத்தாரும் உயிர் வாழ்ந்த அளவில் வேறுபாடு இல்லை. ஆனால் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது கதிர்வீச்சுப் பெறாதவர்களுள் நூற்றுக்கு 39 பேருக்கு. பெற்றவர்களுள் நூற்றுக்கு 14 பேருக்கு மட்டுமே. மிலான் நகரில் 701 பெண்களைக் கொண்டு வெரோனேசி நடத்திய ஆராய்ச்சியும், சிறு கட்டிகளுக்குப் பேரறுவை வேண்டுவதில்லை என்றே காட்டியது.

தறியில் ஓர் இழை அறுந்தால் ஆரணி நெசவாளர் பாவு முழுவதையும் வெட்டி எறிவதில்லை. அறுந்த இழையைப் பிணைத்து மேலே நெய்வர். மருத்துவ உலகம் இவ்வுண்மையைக் கண்டுகொள்ள எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பின்னர் ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் 17 ஆராய்ச்சிகளைச் சேர்ந்த 10,801 பெண்களின் விவரங்களை ஒன்றாகத் தொகுத்து 2011இல் வெளியிட்டனர். கட்டியை மட்டும் அகற்றியபின் தரும் கதிர்வீச்சு நோய் திரும்புவதைத் தடுப்பதோடு, சாவுகளையும் குறைக்கிறது என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது.

இவையெல்லாம் கட்டி சிறிதாக இருக்கும்போதே மருத்துவரிடம் வந்த பெண்களைப் பற்றியவை. நம் நாட்டில் நிலைமை வேறாக இருந்தது. இங்கே கட்டி பெரிதாகி, மார்புச் சுவரோடு ஒட்டி, சில வேளை புண்ணாகிய பின்னரே பலர் வந்தனர். அவர்களுக்கு வேறு வழி காண வேண்டியிருந்தது.

அப்பணிக்கு நிலைக்களமானது அடையாற்றுப் புற்றுநோய் நிலையம். அதனைத் தோற்றுவித்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். சென்னைச் சட்டசபையில் அமர்ந்த முதற் பெண்மணி. தம் தங்கை புற்றுநோயால் 1923இல் மறைந்த துயரமே அவரை இம்முயற்சியில் செலுத்தியது. 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18ஆம் நாள் நிலையம் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். 1957இல் அங்கே கோபால்ட்டு கதிர்வீச்சுக் கருவி நிறுவப்பெற்றது. 2021இல் மறையும்வரை டாக்டர் சாந்தா அந்நிலையத்தையே தம் இல்லமாகக் கொண்டிருந்தார்.

முற்றிய கட்டியை முதலிலேயே அறுத்தால் வேரோடு எடுக்க இயலாது. ஆகவே அடையாற்றில் வரிசையை மாற்றினர். முதலில் மருந்தும் கதிர்வீச்சும் ஒருங்கே தந்து கட்டியைச் சுருக்கினர். பின்னரே கத்தியை எடுத்தனர். 1990 முதல் 1999 வரை இவ்வாறு மருத்துவம் பெற்ற 1,117 பெண்களின் வரலாற்றை டாக்டர் சாந்தாவும் அவர் குழுவினரும் 2008இல் வெளியிட்டனர். அறுவையின்போது அக்குள் கணுக்களில் நோய் எஞ்சாத பெண்கள் மற்றவரினும் நலமாக இருந்தமை அதில் காணப்பட்டது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினரோ மற்றொரு வினாவை எழுப்பினர். நோய் பிற உறுப்புகளுக்குப் பரவிவிட்ட பின் மார்பகத்தை அறுத்துக் கதிர்வீச்சுத் தந்தால் ஆயுள் நீளுமா? 350 பெண்களிடம் குலுக்கல் முறையில் ஆராய்ந்து, நீளாது என்று 2015இல் விடை கண்டனர். எங்கே கத்தி வேண்டும் என்று அறிவது போலவே, எங்கே வேண்டாம் என்று அறிவதும் நோயாளிக்குச் செய்யும் தொண்டேயாம்.

கதிர்வீச்சின் காலமும் குறைந்து வருகிறது. முன்பு ஐந்து வாரங்களில் 25 முறை தரப்பட்டது. மூன்று வாரங்களில் 15 முறை தந்தாலும் பயன் குறையவில்லை என்று இங்கிலாந்தில் 2008இல் கண்டனர். 2020இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில் 4,096 பேர் கலந்துகொண்டனர். தக்க நோயாளிகளுக்கு ஒரே வாரத்தில் ஐந்து முறை தந்தாலும் ஐந்தாண்டு அளவில் பயன் குறையவில்லை என்று அது காட்டியது. எண்களாகத் தோன்றும் இச்செய்தியின் பொருளை ஆரணியில் வைத்துப் பாருங்கள். வேலூருக்கோ காஞ்சிபுரத்திற்கோ சென்னைக்கோ சென்று தங்கி மருத்துவம் பெற வேண்டிய நெசவுக் குடும்பத்துப் பெண்ணுக்கு, ஐந்து வாரம் என்றால் தறி ஐந்து வாரம் தடைப்படும். வீட்டு அடுப்பும் தடைப்படும். அதற்கு அஞ்சியே பாதியில் நிறுத்துவோரும், வராமலே இருப்போரும் உண்டு. ஒரு வாரம் என்றால் அவளும் துணிந்து வருவாள்.

மாணவர்களே, இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? பெரியவர் ஒருவர் சொன்னார் என்பதற்காக ஒரு கொள்கை நிலைபெறுதல் கூடாது. அது நடுவுநிலையோடு அளந்து பார்க்கப்பட வேண்டும். அவ்வாறு அளப்பதற்கு ஆயிரக்கணக்கான பெண்கள் தம் உடலையே இசைந்து தந்தனர். அவர்கள் பெயரை எந்நூலும் குறிக்கவில்லை. ஆயினும் இன்று மார்பகம் இழவாமல் பிழைக்கும் ஒவ்வொரு பெண்ணும் அவர்களுக்குக் கடன்பட்டவளே.

இன்னும் ஒன்று. தொடக்கத்தில் இக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லையே என்று இருந்துவிடுவோர் பலர். நாணத்தால் மறைப்போர் அதனினும் பலர். மார்பில் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்று அல்ல. புற்றாயினும் அது தொற்றுநோய் அன்று. முன்கூட்டிக் கண்டால் மார்பகம் முழுவதையும் இழக்கவேண்டிய தேவை பலருக்கு இல்லை. இம்மூன்றையும் இன்று மாலையே உங்கள் இல்லத்துப் பெண்மக்களிடம் கூறுங்கள். எவரேனும் தயங்கினால், நீங்களே உடன் சென்று மருத்துவரிடம் காட்டி வாருங்கள்.