முதலில் யார் வீட்டு ஃபேன்?

பெங்களூரில் மின்விளக்கு எரிந்தது 1905 ஆகஸ்டில். ஆனால் சிவசமுத்திரத்து மின்சாரம் 1902லேயே சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் கோலார் தங்கவயலுக்குப் போய்விட்டது. காசு கொடுத்த வாடிக்கையாளர் சுரங்கம்தானே! கோடையில் காவிரி இளைத்தாலும் அங்கே சப்ளை நிற்கக் கூடாது. 1911ல் கிருஷ்ணராஜசாகர் வேலை தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

தட்டுப்பாடு வந்தால் யாரை அணைப்பது? டெட்ராய்ட் மின்கம்பெனி 1968லேயே ரேடியோ சிக்னலில் வாட்டர் ஹீட்டரை மட்டும் அணைத்தது. பிறகு அமெரிக்காவில் ஏசிக்கும் அதே வித்தை: கம்ப்ரெசர் கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கும், சம்மதித்தவருக்கு பில்லில் தள்ளுபடி. 2002ல் உருவான நம்ம பெஸ்காம் கீசரைத் தொடவில்லை. சோலார் ஹீட்டர் வைத்தவருக்கு யூனிட்டுக்கு 50 பைசா கழித்தது. நல்ல கணக்குதான்.

லோட் ஷெட்டிங் வந்தாலோ ஃபீடரையே அணைப்பார்கள். ஏசி வீட்டில் யுபிஎஸ் இருக்கும். பக்கத்து ஒற்றை அறையில் இருப்பது ஒரே ஒரு ஃபேன், அதுதான் நிற்கும்.