உதிர்ந்த இலையும் உரமே

இன்றைய ஷா ஆலம், முன்னாளில் சுங்கை ரெங்கம் என்னும் தோட்டப் பகுதி. பால்மரமும் செம்பனையும் வளர்ந்த நிலம் அது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பால்மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கலாகாது என்பது மலாயாத் தோட்டத் துரைமாரின் கட்டளை. நம் முன்னோர் குனிந்த முதுகு நிமிராமல் புல் வெட்டினர். விளைவு? வெறுந்தரையின் மேல்மண்ணை மழை அரித்துச் சென்றது. குற்றம் உழைத்தவருடையதன்று, கட்டளையினுடையது.

காட்டில் நடப்பதைப் பாருங்கள். உதிர்ந்த இலையைக் கறையானும் மண்புழுவும் சிதைக்கின்றன. பூஞ்சையும் பாக்டீரியாவும் மக்கச் செய்கின்றன. இலையிலிருந்த சத்து வேருக்கே திரும்புகிறது.

இதை உணர்ந்த பின், 1930களில் மரங்களிடையே அவரை இன மூடுகொடிகளைப் படரவிடும் வழக்கம் பரவியது. இன்று செம்பனை மட்டைகளை வரிசைக்கிடையே அடுக்கி மக்க விடுகிறோம். வீட்டுச் சருகையும் எரிக்காமல் வாழையடியில் இடுவோம். மண்ணின் உணவை மண்ணுக்கே கொடுப்போம்.